சிவப்பு ஒட்டச் சொன்னவள்

பிப்ரவரி 4, 2023, சனி

ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் கிடைத்துவிட்டது.

காலை பத்தரைக்கு ஒரு பெண் லைனுக்கு வந்தாள். தோளில் பை, கையில் சுருட்டிய தாள். பெயர் மிருதுளா. ஊர்களைத் திட்டமிடுவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறதாம், அதைப் படித்தவள். மூடிக்கிடக்கும் மில் நிலம் இருபத்திரண்டு ஏக்கரையும் அரசாங்கம் புதிதாக மாற்றப்போகிறது. அதற்குத் திட்டம் போடும் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். லைன் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தான் என்று விசாரித்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பூங்கா, மழைநீர் தேங்க ஒரு குளம், நடைபாதை, புதுக் குடியிருப்பு என்று படம் காட்டினாள். நம் லைன் வீடுகள் மில் தொழிலாளிகளுக்காக எதிரெதிரே இரண்டு வரிசையாகக் கட்டியவை. மொத்தம் அறுபத்துநான்கு. இவற்றை இடித்துவிட்டு அதே நிலத்தின் கிழக்கு மூலையில் நாலு மாடியாகக் கட்டித் தருவது ஒரு வழி. ஊருக்கு வெளியே பதினாறு கிலோமீட்டர் தள்ளி ஏற்கனவே கட்டி நிற்கும் அடுக்குமாடிக்கு அனுப்புவது இன்னொரு வழி. எது என்று முடிவாகவில்லை, அதற்கு முன்னால் மக்கள் மனசைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள்.

"கண்ணு, எங்களைக் கெளப்பறதுக்கா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இதை வெச்சு யாரையும் எங்கேயும் அனுப்ப மாட்டாங்க. உங்களுக்கு என்ன பிடிக்குது, என்ன குறைன்னு பேசறதுக்கு ஒரு படம். அவ்வளவுதான்."

சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக ரிஜிஸ்டர் எழுதிய கை. தேதி போட்டு எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சாப்பிடச் சொன்னேன். அரிசிம்பருப்பு சாதத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நல்ல பெண்.

பிப்ரவரி 8, புதன்

ரேஷன் கடையில் பாமாயில் இல்லை. பக்கத்து வீட்டு நூர்ஜகான் அரைப் பாக்கெட் கொடுத்தாள்.

இவர் காலையில் டீக்கடைக்குப் போய் வந்தார். இவர் எண்ணி வைத்திருக்கும் கணக்கில் வாசற்படியிலிருந்து தண்ணீர்க் குழாய் நாற்பத்தொரு காலடி, அங்கிருந்து வலது பக்கம் திரும்பி எழுபத்தொரு அடியில் டீக்கடை. கண் நீர் அழுத்தம் வந்து பார்வை போய் ஆறு வருஷமாகிறது. பிறகு ஒரு நாளும் கைத்தடி எடுத்ததில்லை, யார் கையையும் பிடித்ததில்லை. யாராவது வழியில் சைக்கிளை நிறுத்தினால் மட்டும் கெட்ட வார்த்தை வரும்.

பிப்ரவரி 11, சனி

நாளைக்குப் படம் ஒட்டும் கூட்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று சிவப்புப் பொட்டு, மூன்று பச்சைப் பொட்டு தருவார்களாம். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு ஒட்ட வேண்டும். பிடித்த இடத்தில் பச்சை.

சாயங்காலம் குழாயடியில் பெண்களைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். "எல்லாரும் சிவப்புதான் ஒட்டோணும். பச்சை ஒட்டினீங்கன்னா இவங்க நல்லாத்தான இருக்கறாங்கன்னு போட்டு மூடிட்டுப் போயிருவாங்க."

மறுபேச்சு இல்லை. ஏன் இருக்கப்போகிறது? 2011இல் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் சாக்கடையில் வழுக்கி முழங்கால் சிராய்த்துக்கொண்டான். "குழந்தைகள் உயிருக்கு உத்தரவாதமில்லாத நிலை" என்று கலெக்டருக்கு மனு எழுதினேன். நாலே மாதத்தில் சாக்கடைக்கு மூடி வந்தது. 2014இல் ஒரே ஒரு சாரைப்பாம்பு வந்தது. "நாள்தோறும் நச்சுப் பாம்புகள்" என்று எழுதினேன். தெருவிளக்கு வந்தது. இந்த லைனில் இருக்கும் ஒவ்வொரு வசதியும் என் பேனாவிலிருந்து வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினால் ஆபீஸில் மனுவை மடித்து மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுப்பார்கள். கூட்டி எழுதுவதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

நூரு மட்டும் கேட்டாள். "பச்சை ஒட்டுனா என்னக்கா? புடிச்ச எடம் இருக்குதுல்ல."

"வெவரமில்லாமப் பேசாதே" என்றேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

கூட்டம் முடிந்தது. சமுதாயக் கூடத்தில் எட்டடி நீளத்துக்குப் படத்தை விரித்தார்கள். நீலக் கோட்டில் ஒவ்வொரு வீடும் இருந்தது. கதவு எண்ணை மிருதுளாவே பேனாவால் எழுதியிருந்தாள். நம் வீடு 23, நூரு வீடு 24.

சனங்கள் சொன்னபடியே செய்தார்கள். சாக்கடை, கக்கூஸ், மில் சுவர், ஒழுகும் கூரை என்று எங்கு பார்த்தாலும் சிவப்பு. பச்சைப் பொட்டைப் பிள்ளைகள் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒன்றிரண்டு பெண்கள் வீட்டுக் கண்ணாடிக்கென்று ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்கள்.

மிருதுளாவுக்கு முகம் வாடிவிட்டது. "அம்மா, பச்சையும் ஒட்டச் சொல்லுங்களேன். பிடிச்ச இடம்னு ஒண்ணுகூட இல்லையா? இப்படி இருந்தா வேற மாதிரி அர்த்தம் ஆயிடும்மா" என்று என் காதோரம் சொன்னாள். படித்திருக்கிறாள், ஆனால் ஒரு மனுகூட எழுதியிருக்க மாட்டாள். பாவம்.

நூரு என் பேச்சைக் கேட்கவில்லை. தன் பங்குச் சிவப்பு மூன்றையும் என் கையில் கொடுத்துவிட்டுப் பச்சை மூன்றையும் ஒட்டினாள். ஒன்று குழாயில், ஒன்று துணி காயப்போடும் சந்தில். மூன்றாவது எங்கே என்று கேட்டதற்குச் சொல்ல மாட்டேன் என்று சிரித்தாள். ஐம்பத்தைந்து வயதில் என்ன விளையாட்டோ. அவளைப் பார்த்து இன்னும் சிலரும் பச்சை ஒட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனவர்கள் நாளை வந்து ஒட்டட்டும் என்று படம் நம் வீட்டில் இருக்கிறது. உதிரியாக ஒரு தாள் சிவப்பும் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 13, திங்கள்

காலையில் ஐந்து வீட்டுக்காரர்கள் வந்து ஒட்டிவிட்டுப் போனார்கள். மதியம் படத்தைச் சரிபார்த்தேன். சில ஒழுங்குபடுத்தல்கள்.

இவர் கட்டிலில் படுத்தபடியே என்ன சத்தம் என்றார். துவரம்பருப்புப் பொட்டலம் பிரிக்கிறேன் என்றேன்.

மிஞ்சிய பச்சைப் பொட்டு ஒன்பது இருந்தது. வீணாக்க வேண்டாம் என்று இந்த டைரியின் பின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

மிருதுளா படத்தை எடுத்துப் போக வந்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "மக்கள் ஒட்டியபடியே உள்ளது" என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். சங்க முத்திரையும் வைத்தேன்.

போகும்போது என் கையைப் பிடித்து, "நல்லபடியா நடக்கும்மா" என்றாள்.

மார்ச் 19, ஞாயிறு

மிருதுளாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பாள்.

ஏப்ரல் 22, சனி

மாவடு போட்டேன். ஒரு சின்ன ஜாடி மிருதுளாவுக்கு என்று தனியாக வைத்தேன். நம் வீட்டில் சாப்பிட்ட அன்றைக்கு ஊறுகாய் கேட்டாளே.

மே 27, சனி

மாவடு நன்றாக ஊறிவிட்டது. போன் எடுக்கவில்லை.

ஜூன் 19, திங்கள்

குழாய்க்குப் பின்னாலிருக்கும் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கப் போன நூருதான் கூப்பிட்டாள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தமாகப் படித்தேன். சுற்றி முப்பது பேர் குடத்தோடு நின்றார்கள்.

"குடியிருப்போரின் விருப்பத்தின்படி, அறுபத்துநான்கு குடும்பங்களுக்கும் மாற்று இடத்தில் வீடு ஒதுக்கப்படும்." காலி செய்யும் இடத்தில் பூங்காவும் மழைநீர்க் குளமும் வருமாம். கிழக்கு மூலையில் நாலு மாடி என்பது எங்குமே இல்லை.

விருப்பத்தின்படி என்ற வார்த்தையை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்கள். படித்தேன். "யாரு விருப்பம்? ஆரு கேட்டது?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஆட்சேபனை இருந்தால் ஜூலை 17ஆம் தேதி நேரில் வந்து தெரிவிக்கலாம் என்று கடைசி வரியில் இருந்தது.

இவர் டீக்கடையிலிருந்து திரும்பி வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "எத்தனாவது மாடியாம்?"

ஜூன் 20, செவ்வாய்

வார்டு அலுவலகத்தில் முழு அறிக்கையைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நானும் நூருவும் போனோம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் நம் படத்தின் போட்டோ. கீழே என் கையெழுத்தும் முத்திரையும் பளிச்சென்று தெரிகின்றன. "குறைகள் 228. விரும்பும் இடங்கள் 2. இப்பகுதியுடன் குடியிருப்போருக்குப் பிணைப்பு ஏதுமில்லை என்பதை அவர்களே உறுதி செய்துள்ளனர்."

பிணைப்பு ஏதுமில்லையாம். முப்பத்தாறு வருஷம் இருந்த வீட்டைப் பற்றி, என் சோற்றை இரண்டு முறை வாங்கித் தின்ற பெண் எழுதியிருக்கிறாள். பெற்ற பிள்ளை இல்லாத எனக்கு அவளைப் பார்த்ததும் ஒரு ஆசை வந்தது உண்மை. அந்த ஆசையின் முகத்தில் காறித் துப்பினாள்.

நூரு அந்தப் போட்டோவை மூக்கருகில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நா மூணு பச்சை ஒட்டுனேனேக்கா. இதுல ரெண்டுதான் இருக்குது. அதும் ஒண்ணு மாரியம்மன் கோயில்ல, ஒண்ணு ரேஷன் கடையில. ரெண்டுமே என்னுது இல்ல. என்னுது எங்க?"

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டோம்.

ஜூன் 22, வியாழன்

நூரு போனிலிருந்து அடித்தேன். புது நம்பர் என்பதால் மிருதுளா எடுத்துவிட்டாள்.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். யாரையும் எங்கேயும் அனுப்ப மாட்டாங்கன்னு பிப்ரவரி நாலாம் தேதி சொன்னாயா இல்லையா, எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். அவள் எதையும் மறுக்கவில்லை. மெல்லப் பேசினாள்.

"சொன்னேன்மா. அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அம்மா, ஒண்ணு கேக்கறேன். வீடுகளுக்குக் கொடுத்தது 192 சிவப்பு. படத்துல 228 இருந்துச்சு. உதிரியா கொடுத்த தாள்ல சரியா முப்பத்தாறு. பச்சை பதினொண்ணு இருந்ததை நான் ஞாயித்துக்கிழமையே எண்ணியிருந்தேன். செவ்வாக்கிழமை ரெண்டு."

"தெரிஞ்சுமா எடுத்துட்டுப் போனே?"

"எங்க சார்கிட்ட சொன்னேன். பரவாயில்ல, மக்களோட வேகம் அவ்வளவு இருக்குன்னு எழுதுன்னார். அவங்களுக்கு இந்தப் படம் இப்படித்தான் வேணும்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. எழுதிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்க. நானும் போட்டேன்."

வைத்துவிட்டாள். தெரிந்தே செய்திருக்கிறாள். இவளுக்கு ஒரு நாளும் நல்ல தூக்கம் வரக்கூடாது.

மாவடு ஜாடியைச் சாக்கடையில் கொட்டினேன்.

ஜூன் 23, வெள்ளி

இவரிடம் அந்தப் பெண் எப்படி மோசம் செய்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சையைக் காணோம், சிவப்பு கூடிவிட்டது, எல்லாம் ஆபீஸில் வைத்துச் செய்த வேலை என்றேன். முழுக்கக் கேட்டார். டம்ளரைத் தரையில் வைக்க இடம் தடவி, வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஏம்புள்ள, அன்னிக்கு மத்தியானம் பருப்புப் பொட்டலம் பிரிக்கறேன்னயே. முப்பது நாப்பது தடவை உரிக்கற சத்தம் கேட்டுது. எத்தனை பொட்டலம் பிரிச்சே?"

கண் தெரியாதவரிடம் பொய் சொன்னால் முகம் பார்க்க மாட்டார் என்று நினைத்திருக்கிறேன் இத்தனை வருஷமாக.

ஜூன் 24, சனி

தண்ணீர் வரவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

லைன்காரர்கள் வந்தார்கள். ஆட்சேபனை மனுவை நானே எழுத வேண்டுமாம். "உங்க பேனாதான் எங்களுக்குச் சாமி" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். எழுதுகிறேன் என்றேன்.

ஜூன் 29, வியாழன்

நாலு நாளாக மனு எழுத உட்காருகிறேன். ஒரு வரி ஓடவில்லை. குறை சொல்லி எழுதத்தான் எனக்குத் தெரியும். இந்த இடம் நன்றாக இருக்கிறது, எங்களை இங்கேயே விடுங்கள் என்று எழுதப் பேனா பழகவில்லை.

ஜூலை 1, சனி

எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 13 மதியம் உதிரித் தாளில் இருந்த முப்பத்தாறு சிவப்பையும் நான்தான் ஒட்டினேன். படத்தில் இருந்த பச்சைகளில் ஒன்பதை நகத்தால் கிளப்பி எடுத்தேன். அவை மிஞ்சியவை அல்ல. கோயில்மேல் இருந்ததை எடுக்கப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். எல்லாம் சிவப்பாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ரேஷன் கடையில் ஒன்றை விட்டேன். யாரோ நம் வீட்டு மேலேயே ஒரு பச்சை ஒட்டியிருந்தார்கள். ஒழுகுகிற வீட்டுக்குப் பச்சையா, எந்த விவரம் கெட்டது ஒட்டியது என்று அதைத்தான் முதலில் எடுத்தேன்.

சாக்கடையும் கக்கூஸும் புதிதாகக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் செய்தேன். சத்தியமாக வேறு நினைப்பு இல்லை. ஆனால் மிருதுளா எனக்குக் காதோரம் சொன்னதை என் கையாலேயே பிப்ரவரி 12 பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று படித்தேன். பாவம் என்று வேறு எழுதியிருக்கிறேன்.

ஜூலை 3, திங்கள்

டைரியை எடுத்துக்கொண்டு நூரு வீட்டுக்குப் போனேன். இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பின் அட்டையைத் திருப்பினாள். ஒன்பது பொட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் பார்த்தாள். படத்திலிருந்து கிளப்பும்போது தாளும் கொஞ்சம் கிழிந்து ஒவ்வொரு பொட்டின் முதுகிலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒன்றில் நீலக் கோடு. ஒன்றில் குழாய்ப் படத்தில் பாதி. ஒன்றை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். அதன் முதுகில் மிருதுளாவின் கையெழுத்தில் 23 என்று இருந்தது.

"இதாங்க்கா என்னோட மூணாவது" என்றாள். "குழாய்க்கு ஒண்ணு, சந்துக்கு ஒண்ணு, உங்க வீட்டுக்கு ஒண்ணு. எங்க வீட்டுக்காரர் மௌத்தானப்ப நாப்பது நாள் உங்க வீட்டுச் சோறுதான் தின்னோம் நானும் பிள்ளைகளும். எனக்குப் புடிச்ச எடம் வேற எது?"

டைரியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"மத்ததையெல்லாம் வெச்சுக்குங்க. இது என்னுது." அந்த ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி கிரைண்டரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் போய்வருகிறேன் என்றேன். கேட்டதோ இல்லையோ.

ஜூலை 17, திங்கள்

விசாரணை. லைனிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். இரண்டு பக்கம் மனு எழுதியிருந்தேன். என் வாழ்நாளில் ஒரு சொல்கூடக் கூட்டாமல் எழுதிய முதல் மனு. குழாயடி எத்தனை அடி, டீக்கடை எத்தனை அடி, பார்வை இல்லாத ஒருவர் துணையில்லாமல் எங்கெங்கு போய் வருகிறார், வேலைக்குப் போகும் பெண்கள் யார் வீட்டில் பிள்ளைகளை விட்டுப் போகிறார்கள், எல்லாம் உள்ளபடி. கடைசியில், படத்தைத் திருத்தியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எட்டுப் பச்சைப் பொட்டையும் தாளில் குத்தி இணைத்திருந்தேன்.

எல்லோர் முன்னாலும் வாசித்தேன். கடைசிப் பத்தி வந்தபோது பின்னாலிருந்த பேச்சு அடங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். தடித்த ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். 2011, 2014, 2016, 2019. அத்தனையும் என் மனுக்கள். மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார்கள். 'உயிருக்கு உத்தரவாதமில்லாத நிலை.' 'நாள்தோறும் நச்சுப் பாம்புகள்.' 'மனிதர் வாழத் தகுதியற்ற வீடுகள்.'

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"பன்னெண்டு வருஷமா இங்க வாழவே முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. படத்துலயும் அதே. இப்ப இந்த ரெண்டு பக்கத்துல நல்லா இருக்குங்கறீங்க. நான் எதை நம்பட்டும், நீங்களே சொல்லுங்க."

இதுதான் நிஜம் என்றேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

பொட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை இணைக்க விதியில் இடமில்லை என்றார்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசி வரை காலியாக இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

வாசலில் சங்கப் பலகை கழற்றிப் போடப்பட்டிருந்தது. யார் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

ஆட்சேபனைகள் நிராகரிக்கப்பட்டன. ஒரே வரி.

அந்தப் பெண் என்னை ஏமாற்றினாள். அந்த அலுவலகம் எங்களை ஏமாற்றியது. இதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் தேவைப்பட்டதைக் கையில் எடுத்துக் கொடுத்தது யார் என்று லைனில் ஒவ்வொரு வாசலிலும் கண்ணாலேயே கேட்கிறார்கள்.

டிசம்பர் 3, ஞாயிறு

வீடு குலுக்கல். நமக்கு 'பி' பிளாக், ஏழாவது மாடி. ஊனமுற்றோருக்குத் தரைத்தளம் கேட்டேன். அட்டை இருக்கிறதா என்றார்கள். யார் தயவும் வேண்டாம் என்று இவர் வாங்காமலே விட்டிருந்தார்.

நூருவுக்கும் அதே பிளாக்தான், நாலாவது மாடி. சீட்டை வாங்கிக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

ஜனவரி 22, 2024, திங்கள்

வந்து சேர்ந்தோம். புது டைரி வாங்கவில்லை. பழையதில் பின்னால் இருக்கும் வெற்றுப் பக்கங்களில் எழுதுகிறேன்.

வண்டி கிளம்பும் முன் இவர் குழாய்வரை போய் வருகிறேன் என்றார். நாற்பத்தொன்று வரை வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். நூரு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போதும் எண்ணினார்.

ஜனவரி 26, வெள்ளி

வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஒழுகவில்லை. உள்ளேயே கக்கூஸ். நான் மனுவில் கேட்டதெல்லாம் இருக்கிறது.

இவர் நாலு நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வாசற்கதவுவரை ஒன்பது அடி. அதற்கு மேல் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்கிறார்.

பிப்ரவரி 3, சனி

லிஃப்டில் பட்டன்கள் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கின்றன. இவர் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணாத்தான இருக்குது" என்று கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த எட்டுப் பச்சைப் பொட்டு ஞாபகம் வந்தது. பசை போய்விட்டது, கடையில் கோந்து வாங்கினேன். ஒன்று லிஃப்டில் ஏழு என்ற பட்டனில், ஒன்று தரைத்தளத்துப் பட்டனில். ஒன்று நம் வாசற்கதவில், ஏனென்றால் இந்த மாடியில் எட்டுக் கதவும் ஒரே மாதிரி. பிற்பகல் அவரைக் கூட்டிப்போய் விரலை எடுத்து வைத்துக் காட்டினேன். பழைய தாள் ஒட்டியிருப்பதால் கொஞ்சம் தடித்துத் தெரிகிறது. மூன்று தடவை தானே ஏறி இறங்கிப் பார்த்தார்.

பிப்ரவரி 7, புதன்

காலையில் தனியாகக் கீழே போய்விட்டு வந்தார். தள்ளுவண்டி டீக்கடை ஒன்று இருக்கிறதாம், கேட்டிலிருந்து நூற்றுநான்கு அடி.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலை டீக்குப் போனவர் பதினொரு மணிவரை வரவில்லை. பயந்துபோய் லிஃப்டுக்கு ஓடினேன். கதவு திறந்தது, அவரே உள்ளே நின்றார். வாயில் ஏலக்காய் வாசனை.

"எங்க போனீங்க?"

"நூரு வீட்டுல உக்காந்திருந்தேன். இட்லியும் ஏலக்கா டீயும் குடுத்துச்சு."

"அவ எங்க இருக்கறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லிஃப்டுல தடவுறப்ப இன்னொரு பொட்டு கைல தட்டுப்பட்டுச்சு. நேத்து வரைக்கும் இல்ல. அமுக்குனேன். கதவு தொறந்தா நூரு, வாங்கண்ணான்னுச்சு."

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் இவரே சொல்லியிருப்பார்.

அவரை வீட்டில் விட்டுவிட்டுக் குப்பை கொட்டப் போகிற சாக்கில் லிஃப்டுக்குள் போய்ப் பார்த்தேன். நாலாம் எண் பட்டனில் பச்சைப் பொட்டு. ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது. அதன் முதுகில் இருபத்துமூன்று என்று எழுதியிருக்கும். நகத்தைக் கொடுத்தால் வந்துவிடும்.

ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, ஏழை அமுக்கினேன்.